செல்லாத கண்ணீர்

முதல் வாசகி அழவில்லை.

கூட்ட அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு தட்டில், தேய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சு விடுவதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதல் பிரிவுத் தலைவி கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியை வாசித்து முடித்து, தன் குரலைத் தானே தாங்க முடியாதவர் போல நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடாமல் நிற்பதுகூட மேலே கேட்டது.

சாட்சியாக உட்கார்ந்திருந்த கணக்கர் எழுந்து வந்தார். சின்ன டார்ச்சை அவள் முகத்தருகே பிடித்து ஒரு கண்ணைப் பார்த்தார். பிறகு அடுத்த கண்ணைப் பார்த்தார்.

"ஈரம் இருக்கு சார். ஆனா அது எல்லார் கண்ணுலயும் இருக்கிற ஈரம்தான்."

நிர்வாக இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "கொஞ்ச நேரம் பாக்கலாம். சில பேருக்கு லேட்டா வரும்."

பார்த்தார்கள். அவளும் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். செத்துப்போன அம்மாவை நினைத்தாள். அம்மா வந்தாள், அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், 'எதுக்குடி இங்க வந்து உக்காந்திருக்கே?' என்பது போல ஒரு பார்வையை வீசிவிட்டுப் போய்விட்டாள்.

"வரலை சார்," என்றாள் முதல் வாசகி.

வெளியாள் யாராவது பார்த்தால் இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். அந்தப் பதிப்பகத்தில் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் அவள் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு மதியம், மனைவியை இழந்த ஒருவர் பழக்கதோஷத்தில் பேருந்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிடும் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது, தன்னை மறந்து விம்மிவிட்டாள். அந்த வழியாகப் போன இயக்குநர் அதைப் பார்த்தார். அடுத்த மாதம் அந்த நாவல், 'எங்கள் அலுவலகத்தையே அழவைத்த கதை' என்று எழுதிய நீல நிற ஸ்டிக்கரோடு வந்தது. சுடச்சுட விற்றது.

அதோடு முடிந்திருக்கலாம். நிறுவனங்கள் எதையும் அதோடு முடிக்க விடுவதில்லை. அவளுடைய அழுகைக்கு ஒரு பதவி உண்டாக்கினார்கள். பதவிக்கு ஒரு நாற்காலி வந்தது. நாற்காலிக்கு ஓர் அறை வந்தது. அறைக்குள் விதிகள் ஒவ்வொன்றாக நுழைந்து உட்கார்ந்துகொண்டன. எந்தப் புத்தகமும் முதல் வாசகி அழாமல் அச்சுக்குப் போகக்கூடாது. ஒரு கண்ணிலிருந்தாவது ஒரு சொட்டு இமையைத் தாண்டிக் கன்னத்துக்கு வரவேண்டும். ஜலதோஷம் இருந்தால் அமர்வு தள்ளிவைக்கப்படும். கொட்டாவியால் வரும் கண்ணீர் செல்லாது; இது ஒரு வரலாற்று நாவலின் அமர்வுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட விதி. அமர்வு நாளில் அலுவலகச் சமையலறையில் வெங்காயம் நறுக்கத் தடை.

அவளும் இதுவரை எல்லாப் புத்தகத்துக்கும் அழுதிருக்கிறாள். எல்லாம் நல்ல புத்தகங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு மோசமான கதையிலும் எங்கேயோ ஓர் ஆள் இருப்பான். மகளின் கல்யாணத்தன்று பழைய செருப்பை மேசைக்கடியில் மறைத்துக்கொள்ளும் அப்பா. கடன் கேட்க வந்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும் தம்பி. அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவாள். அதனால் தன் பிழைப்பு நேர்மையானது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் புத்தகத்தில் அந்த ஆள் அகப்படவில்லை.

அது 'நிழல் இளவரசன்' வரிசையின் மூன்றாவது பாகம். சூரியனே உதிக்காத ஒரு ராஜ்ஜியம். அதை ஆளும், யாரையும் நேசிக்கக்கூடாது என்று சாபம் பெற்ற இளவரசன். அவனைக் கொல்ல வந்து காதலிக்கும் பனிமகள். ஊர் முழுக்க சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. சுவரொட்டியில் நீல ஸ்டிக்கரும் அச்சாகிவிட்டது.

"அப்ப ஸ்டிக்கரை அப்படியே ஒட்டிடலாமே சார்?" என்று கணக்கர்தான் கேட்டார்.

இயக்குநர் எழுந்து நின்றார். முக்கியமானதைச் சொல்லும்போது எழுந்து நிற்பது அவர் வழக்கம்.

"நாம பொய் சொல்ற நிறுவனம் இல்லை. கதையில பொய் இருக்கலாம். ஆசிரியர் குறிப்புல இருக்கலாம். ஸ்டிக்கர்ல மட்டும் இருக்கக்கூடாது. அது நம்ம நாணயம்." பிறகு அவளைப் பார்த்தார். "கோளாறு புத்தகத்துல இருக்க வாய்ப்பில்லை. சுவரொட்டி ஒட்டியாச்சு. அப்ப எங்க இருக்குன்னு நீயே யோசிச்சுப் பாரும்மா."

அவள் வீட்டுக்குப் போகும்வரை அதையே யோசித்தாள்.

கதவைத் திறந்ததும் கால் பெட்டியில் இடித்தது. அது நாத்தனாருடைய பெட்டி. கதவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, கைப்பிடி மேலே இருக்கும்படி, கிளம்பத் தயாராக நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனாரின் கணவன் அவளை இங்கே கொண்டுவந்து விட்டு, "நீ கொஞ்ச நாள் இங்க இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். முதலில் போன் வந்தது. பிறகு போனும் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவள் மனசு கஷ்டப்படும் என்று அவள் அண்ணன் சொன்னான்; அதுதான் மரியாதை என்று அவன் மனைவியான முதல் வாசகியும் ஒத்துக்கொண்டாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். இன்றைக்கு அவள் பழக்கத்தை மறந்திருந்தாள்.

"அண்ணி, அழுதீங்களா?" நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவள் நிழல் இளவரசனின் முதல் இரண்டு பாகங்களையும் கரைத்துக் குடித்தவள்.

"இல்லை."

"ஐயோ! எனக்கு முதல் பாகத்துலயே தலையணை நனைஞ்சுபோச்சே. ஒண்ணு கேக்கட்டா, ரெண்டு பேரும் சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"என்னமோ, மனசுல ஒட்டலை. உனக்கு எப்படி அழுகை வருது?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "அழணும்னு இருக்கும்போது ஏதாவது ஒரு புத்தகம் வேணும் அண்ணி. சும்மா உக்காந்து அழுதா, நீங்கள்லாம் என்னன்னு கேப்பீங்க."

முதல் வாசகி அதைக் காதில் வாங்கினாள். அதற்குமேல் உள்ளே விடவில்லை. அவள் தலைக்குள் முழுக்க அடுத்த அமர்வுதான் இருந்தது.

மறுநாள் அவளைப் 'புரிதல் பயிற்சி'க்கு அனுப்பினார்கள். முதலில் உலகப் பிரிவு. அங்கே ஒரு சுவர் முழுக்க ராஜ்ஜியத்தின் வரைபடம் தொங்கியது. மலைகள் இருந்தன, ஒவ்வொரு மலைக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. உலகப் பிரிவுத் தலைவர் கையில் நீண்ட குச்சியோடு, தானே படைத்தது போல நின்றார்.

"கேளுங்கம்மா. எந்தச் சந்தேகம்னாலும் கேளுங்க."

"சூரியனே உதிக்காத நாடு இல்லையா சார்? நாலாவது அத்தியாயத்துல பனிமகள் காலை வெயில் முகத்துல பட்டு முழிக்கிறா."

"அது ஞாபக வெயில்."

"அப்படின்னா?"

"நீங்க கேட்டதுக்கப்புறம்தான் எனக்கே தோணுச்சு. நல்லா இருக்கில்ல? பின்னிணைப்புல சேத்துடறேன்." குறித்துக்கொண்டார். "அடுத்து?"

"வடக்குல கடல் இருக்கு. இளவரசன் அது வழியா குதிரையில வர்றாரு."

"நல்ல குதிரை."

அவள் வரைபடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். மலைகளுக்கு நடுவில் ஏகப்பட்ட இடம் வெள்ளையாகக் கிடந்தது. "இந்த நாட்டுல ஜனங்க எங்க சார் இருக்காங்க? இவ்வளவு பெரிய அரண்மனையை யாரு கூட்டறாங்க? தண்ணி எங்கிருந்து வருது? வெளிச்சமே இல்லாம என்னத்தைப் பயிர் பண்ணுவாங்க? ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிட்ட மாதிரியே எழுதலையே."

உலகப் பிரிவுத் தலைவர் குச்சியைக் கீழே வைத்தார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

"வாசகருக்கு உலகம் வேண்டாம்மா. உலகம் ஒண்ணு இருக்குங்கற நம்பிக்கை போதும். அதுக்குத்தான் முன்பக்கத்துல வரைபடம் போடறோம். யாரும் அதைப் பாக்கறதில்லை. பாத்தாத்தான் தொந்தரவு. உங்களை மாதிரி. கிணறு, சமையல், கூட்டறவங்க எல்லாத்தையும் உள்ள விட்டா, காதலிக்கிறவங்க எங்க நிப்பாங்க? இடம் வேண்டாமா? உங்க திருப்திக்கு வேணும்னா இன்னொரு நிலாவைச் சேக்கறேன். எத்தனை வேணும்?"

அவள் வேண்டாம் என்றாள். அவர் சேர்த்துவிட்டார்.

காதல் பிரிவில் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று நினைத்துப் போனாள். சுவரில் வேறொரு படம் இருந்தது. காய்ச்சல் அளக்கும் மருத்துவமனைக் கோடு போல ஏறி ஏறிப் போனது. கோட்டின் ஒவ்வொரு முனையிலும் ஒரு குறிப்பு. வெறுப்பு. கண்ணோடு கண். புயல். சத்திரத்தில் ஒரே அறை. அறையில் ஒரே கட்டில். இளவரசன் தாடை இறுகுதல். காயம். காயத்துக்குப் பனிமகள் கட்டுப் போடுதல். மறுபடியும் தாடை.

"தாடை எங்க தனித்தன்மை," என்றார் காதல் பிரிவுத் தலைவி. "மத்தவங்க கண்ணை வச்சே ஓட்டிட்டாங்க. நாங்க கீழ இறங்கினோம்."

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இவங்க ரெண்டு பேரும் ஏன் காதலிக்கிறாங்க?"

"அட்டைப் படத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்களே, பாக்கலையா?"

"பாத்தேன். ஆனா உள்ள, இவனுக்கு அவகிட்ட என்ன பிடிச்சிருக்குன்னு..."

"அவ துணிச்சல்காரி."

"எல்லாரும் அப்படிச் சொல்றாங்க. அவ ஒண்ணும் பண்ணலையே."

"துணிச்சலா பண்ணாம இருக்கா."

முதல் வாசகி தயங்கினாள். பயிற்சியில் சந்தேகம் கேட்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். "புத்தகம் முழுக்கத் தேடிட்டேன் மேடம். அவன் அவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலை. 'எவ்வளவு தைரியம் உனக்கு?'ன்னு மட்டும் அடிக்கடி கேக்கறான். பதில் வேணும்னு கேக்கலை. சாப்பிட்டியா, தூங்கினியா, உன் ஊர்ல யார் இருக்கா, எதுக்குப் பயம் உனக்கு, ஒண்ணுமே இல்லை. அவளும் கேக்கலை. ஒருத்தரை ஒருத்தர் ஒண்ணும் கேக்காம எப்படி மேடம்?"

காதல் பிரிவுத் தலைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் தினம் என்னைக் கேள்வி கேக்கறார். சாவி எங்க? கரண்ட் பில் கட்டியாச்சா? டாக்டர் என்ன சொன்னார்? இதைப் படிக்கவா ஜனங்க காசு குடுக்கறாங்க? கேள்வி கேக்காத ஆம்பளைதான் கனவு. இதை நான் பயிற்சிக் கூட்டத்துல சொல்றதில்லை. உனக்குச் சொல்றேன்." எழுந்து கதவைத் திறந்தார். குரல் பழையபடி ஆயிற்று. "அடுத்த அமர்வுல நீ அழணும். வேற வழியில்லை."

இரண்டாவது அமர்வுக்கு நாவலை எழுதிய அம்மாளே வந்தார். அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'நட்சத்திரம்' என்றே சொல்வார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். வாசிப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நட்சத்திரத்துக்கே அழுகை பொங்கிவிட்டது. கணக்கர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். விதிப்படி அந்தக் கண்ணீர் செல்லாது என்பதால் திரும்ப இழுத்துக்கொண்டார்.

முதல் வாசகியின் கண்களில் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது. இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. இளவரசனின் தாடை மறுபடியும் இறுகிய இடத்தில் அவளையறியாமல் ஒரு கொட்டாவி வந்தது. அதோடு ஒரு சொட்டும் கன்னத்தில் இறங்கியது. எல்லோரும் பாதி எழுந்தார்கள். கணக்கர் செல்லாது என்று தலையை ஆட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"என் வாழ்க்கையில இப்படி ஒரு அவமானம் பாத்ததில்லை," என்றார் நட்சத்திரம். "இவங்க மனுஷிதானா?"

அந்தக் கேள்வி அறைக்குள் அப்படியே நின்றது.

அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஒரு தாள்துண்டை இமைக்குள் வைத்து ஈரம் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, தாராளமாக அழலாம் என்று சொல்லி அனுப்பினார். கண் நன்றாக இருக்கிறது என்றால் வறண்டுபோனது வேறு எதுவோ. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் கடைசியாகப் புத்தகம் இல்லாமல் எப்போது அழுதோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. வீட்டில் அழுவதற்கென்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும்தான் சுற்றிக்கொண்டு நடந்துவிடுகிறோமே என்று தோன்றியது. தோன்றியதை ஏதோ மற்றவர் பையைத் தொட்டுவிட்டது போலச் சட்டென்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது அமர்வுக்கு முன்னால் இயக்குநர் அவளைத் தனியே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னைக்கும் வரலைன்னா, வேற முதல் வாசகியைப் பாக்க வேண்டியிருக்கும். வரவேற்புல இருக்கிற பொண்ணு வாரம் ரெண்டு தடவை அழறா. திறமை இருக்கு. உனக்குப் பழைய பிழை திருத்தற வேலையும் இனி இல்லை. அதை இப்ப மெஷின் பண்ணுது. இதை நான் மிரட்டலா சொல்லலை. பாசமா சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு வேலையைவிட, வேலை போனால் அதற்கான காரணம்தான் பயமாக இருந்தது. மனசில் ஈரமில்லாதவள் என்று ஓர் அலுவலகமே கூடித் தீர்மானித்து அனுப்பிவிட்டால், அந்தத் தீர்மானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திரைகள் இழுக்கப்பட்டன. மின்விசிறி நின்றது. தட்டு வந்தது. காதல் பிரிவுத் தலைவி இந்தத் தடவை தொண்டைக்குச் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தார். கடைசி அத்தியாயம். போர் முடிந்துவிட்டது, யாருக்கும் யாருக்கும் போர் என்பது பின்னிணைப்பில் வரும். இளவரசன் பனிமகளைச் சிறகுள்ள குதிரையில் ஏற்றிக்கொள்கிறான். புதிய ராஜ்ஜியத்துக்குப் பறக்கிறார்கள். கீழே பழைய அரண்மனை ஒரு புள்ளியாகத் தேய்கிறது.

"'அவள் திரும்பிப் பார்க்கவில்லை,'" என்று வாசித்தார் தலைவி. "'அங்கே அவளுக்காக யாரும் இல்லை.'"

இருக்கிறாளே, என்று முதல் வாசகிக்குத் தோன்றியது.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒருத்தி இருந்தாள். பெயர் கிடையாது. மேல்வாசல் காவல்காரப் பெண். ராத்திரியில் ரகசியமாக வெளியே போன பனிமகள் அவள் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, 'நான் வரும்வரை இங்கேயே நில், கதவைச் சாத்தாதே' என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் புயல் வந்தது, சத்திரம் வந்தது, கட்டில் வந்தது, காயம் வந்தது. பனிமகள் வேறு வாசல் வழியாக அரண்மனைக்குத் திரும்பினாள். விளக்கோடு நின்றவளிடம் யாரும் போகவில்லை. எழுதியவர் மறந்துவிட்டார். பிரிவுகள் மறந்துவிட்டன. வாரக்கணக்காகக் கிணற்றையும் வெயிலையும் தேடிய முதல் வாசகியும் அவளைத் தாண்டித்தான் போனாள். சூரியனே உதிக்காத நாட்டில், எத்தனை நாளாயிற்று என்றுகூடத் தெரியாமல், சொன்ன சொல்லுக்காக ஒருத்தி கை வலிக்க வலிக்க நின்றுகொண்டிருக்கிறாள். இனி அந்தப் பக்கம் யாரும் வரப்போவதில்லை.

கதவுக்குப் பின்னால், கைப்பிடி மேலே இருக்கும்படி நிற்கும் பெட்டி அவள் கண்முன்னால் வந்தது. 'கொஞ்ச நாள் இங்க இரு.' இரண்டு வருஷமாக அவளும் நாத்தனாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

முதலில் வலது கண். பிறகு இரண்டும். பிறகு தோள்கள் குலுங்க, முகத்தை மூடிக்கொள்ளவும் தோன்றாமல் அழுதாள். அறையில் கைதட்டல் வெடித்தது. நட்சத்திரம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். யாரோ கீழே அச்சகத்துக்குப் போன் போட்டார்கள். கணக்கர் டார்ச்சை அணைத்துவிட்டு, கடைசி நடைமுறையாகக் கேட்டார்: "எந்த இடத்துக்கு அழுதீங்கம்மா?"

பறக்கிற இடம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

"வாசல்ல விளக்கோட ஒருத்தி நிக்கறா," என்றாள். "அவகிட்ட யாரும் வரவே இல்லை."

கைதட்டல் அங்கங்கே நின்றது. "யாரது?" என்றார் நட்சத்திரம். உலகப் பிரிவுத் தலைவர் பக்கங்களைப் புரட்டினார். "இருக்கா. ரெண்டாவது அத்தியாயம். வந்துட்டுப் போகவே இல்லை."

"அவளைக் கூப்பிட ஒரு வரி எழுதிடுங்க மேடம்," என்று முதல் வாசகி நட்சத்திரத்தின் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு வரி. பனிமகள் திரும்பிப் போய், நீ போய்ப் படு, நான் வந்துட்டேன்னு சொன்னாப் போதும்."

"பனிமகள் திரும்பிப் போகமாட்டா. அது அவ குணம் இல்லை."

"அவளுக்குக் குணம்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

இயக்குநர் எழுந்து நின்றார்.

"பதட்டப்பட வேண்டாம். கண்ணீர் இருக்கா? இருக்கு. சாட்சி பாத்தாச்சு. காரணம் மட்டும்தான் தப்பு. காரணத்தை எடுத்துடலாம்."

எல்லோரும் ஆசுவாசமாக மூச்சு விட்டார்கள்.

"அப்படின்னா நான் அழலைன்னு எழுதிக்குங்க," என்றாள் முதல் வாசகி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

கணக்கர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதர். "விழுந்த கண்ணீரைத் திரும்ப எடுத்துக்க விதி இல்லைம்மா," என்று வருத்தத்தோடு சொல்லி, கைக்குட்டையை ஓர் உறையில் போட்டு மூடினார்.

அவள் வேலை தப்பியது. அன்று மாலையே காவல்காரப் பெண்ணை நீக்கினார்கள். இயந்திரம் காத்திருந்ததால் அவசரம். ஆளை எடுத்தவர்கள் விளக்கை எடுக்க மறந்துவிட்டார்கள்.

புத்தகம் அப்படியே வெளிவந்தது. இரண்டாவது அத்தியாயத்தில் பனிமகள் வாசலைத் தாண்டுகிறாள். அந்தரத்தில், யாரும் பிடிக்காமல், ஒரு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். எப்படி எரிகிறது, ஏன் எரிகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. வாசகர்கள் உருகினார்கள். மூன்று பாகத்திலும் சேர்த்து இதுதான் உண்மையான மாயம் என்று எழுதினார்கள். விளக்கின் பொருளை விளக்கி ஒரு கருத்தரங்கு நடந்தது. உலகப் பிரிவுத் தலைவருக்குச் சால்வை போர்த்தினார்கள். "சொல்லாமல் விடுவதுதான் எங்கள் பாணி," என்று அவர் ஏற்புரையில் சொன்னார். முதல் வாசகி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் கட்டிலில் சாய்ந்து மூன்றாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் அண்ணன் கத்தியும் பலகையுமாக நின்றிருந்தான். விடுமுறை நாளில் சமையல் அவன் பொறுப்பு.

"அண்ணி, இங்க வாங்களேன். இந்த விளக்கு இருக்கே..."

"ம்."

"ஆளே இல்லைன்னு போட்டிருக்கு. ஆனா எனக்கென்னமோ யாரோ பிடிச்சிட்டு நிக்கற மாதிரியே இருக்கு. உங்களுக்கு அப்படித் தோணலை?"

முதல் வாசகி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. புத்தகத்தில் யாரும் கேட்காததற்கு இதுதான் காரணமோ என்னவோ.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அவர் வருவாருன்னு நீ இன்னும் காத்திட்டிருக்கியா?"

சமையலறையில் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது.

நாத்தனார் புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்தாள். "நானா?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை, ஆச்சரியம். "எனக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு அண்ணி, வரமாட்டாருன்னு. நீங்க ரெண்டு பேரும்தான் காத்திட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப அந்தப் பெட்டி?"

"தூக்கிப் பாருங்க."

அவள் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கியதால் பின்னால் சாய்ந்துவிட்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஒவ்வொண்ணா எடுத்து அலமாரியில வச்சுட்டேன். யாரும் கவனிக்கலை. பெட்டியையும் எடுத்துட்டா, இவ இங்கயே இருந்துடப் போறாளான்னு உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுவச்சேன்." நாத்தனார் எழுந்து வந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். "பரண்ல போட்டுடலாமா அண்ணி? எனக்கும் வர்றப்ப போறப்ப எல்லாம் காலை இடிக்குது."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். காலிப் பெட்டிதான், ஒரு கை போதும். இருந்தாலும் இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். பரணில் தள்ளிவிட்டுக் கீழே இறங்கும்போது முதல் வாசகிக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. இமையைத் தாண்டிக் கன்னத்தில் இறங்கி, தாடையிலிருந்து சொட்டியது. டார்ச் இல்லை, தட்டு இல்லை, கேட்பார் யாரும் இல்லை.

சமையலறையில் அவள் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். விதிப்படி அது செல்லாது.